லூயிஸ் ஃபாரென்க்கின் மூன்றாவது சிம்பொனி

சிம்பொனியை எழுதி முடித்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். கண்டக்டர் முன் இருக்கும் முழு இசைப்பிரதியில் புல்லாங்குழல் முதல் டபுள் பாஸ் வரை எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். வாசிப்பவருக்கோ அவரவர் வரி மட்டும் போதும். அதைத் தனித்தனியே பிரித்துப் படியெடுக்க வேண்டும்; வயலின் வரிசையில் இருவருக்கு ஒரு படி. 19ஆம் நூற்றாண்டில் அச்சேறாத படைப்புக்கு இதெல்லாம் கைவேலை. பிறகு ஒத்திகை, அரங்கம், கலைஞர்களுக்கு ஊதியம். பியானோத் துண்டு என்றால் எழுதியவரே வீட்டில் வாசித்துவிடலாம். சிம்பொனிக்கு ஒரு நிறுவனமே மனம் வைக்க வேண்டும். பெண்களின் சிம்பொனிகள் அரிதாகக் கேட்கப்படுவதற்கான காரணத்தை நான் இங்கேதான் தேடுவேன், திறமையில் அல்ல.

பாரிஸில் பிறந்த இசையமைப்பாளர் லூயிஸ் ஃபாரென்க் (1804–1875) 1842 முதல் அங்குள்ள கன்சர்வேட்டரியில் பியானோப் பேராசிரியர். அதே கன்சர்வேட்டரியின் இசையமைப்பு வகுப்பில் அவர் இளமையில் சேர முடியவில்லை. பெண்களுக்கு அனுமதி இல்லை. இசையமைப்பாளர் அன்டோன் ரைஹாவிடம் தனியாகக் கற்றார். ஆண் பேராசிரியர்களுக்கு இணையான சம்பளத்தையும் பல ஆண்டுகள் கழித்து, கேட்டுத்தான் பெற்றார்.

அவரது மூன்றாவது சிம்பொனியை 1849இல் கன்சர்வேட்டரியின் ஆர்கெஸ்ட்ரா அரங்கேற்றியது. அதே மேடையில் பீத்தோவனின் ஐந்தாவதும் ஒலித்தது. பீத்தோவன் அதன் இறுதிப் பகுதியில் டிராம்போன்களை இறக்கி அரங்கை அதிரவைக்கிறார். ஃபாரென்க்கிடம் டிராம்போனும் இல்லை, டிரம்பெட்டும் இல்லை. பித்தளை வாத்தியம் இரண்டு ஹார்ன் மட்டுமே. ஒற்றை ஓபோவில் தொடங்குகிறது இசை. இரண்டாம் பகுதியில் கிளாரினெட் பாட, ஹார்ன்களும் பசூன்களும் டிம்பனியும் அடங்கிய குரலில் துணைநிற்கின்றன. அந்த இடத்துக்காகவே இதைக் கேட்கலாம். வேகத்தையும் பதற்றத்தையும் தந்தி வாத்தியங்களே சுமக்கின்றன.

அவருடைய பியானோப் படைப்புகள் அச்சில் வந்தன. மூன்று சிம்பொனிகளும் வரவில்லை. அச்சுப்படி இல்லாத சிம்பொனியை வேறு ஊர் ஆர்கெஸ்ட்ரா எதை வைத்து வாசிக்கும்? ஏறத்தாழ 150 ஆண்டுகள் கழித்தே ஜெர்மனியில் பதிப்பு வந்தது. அதன் பிறகு பல நாடுகளில் வாசிக்கிறார்கள்.

இன்றைய கச்சேரிகளில் பெண்களின் படைப்பு பெரும்பாலும் தொடக்கத்தில் வரும் குறுந்துண்டு. இடைவேளைக்குப் பின்னுள்ள இடம் பிராம்ஸுக்கோ ஷூமனுக்கோ போகிறது. அரை மணி நேரத்துக்கும் மேல் நீளும் இந்தச் சிம்பொனியை அந்த இடத்தில் வைக்க வேண்டும். முற்பாதியில் ஷூமனின் இரண்டாவது சிம்பொனி வரட்டும். இரண்டும் 1840களில் எழுதப்பட்டவை. ஃபாரென்க்கின் பியானோ இசையை 1836லேயே பாராட்டி எழுதியவர் ஷூமன்.