எலும்பைத் தின்னும் கடற்புழு

2016-ம் ஆண்டு ஜனவரியில் திருச்செந்தூரை அடுத்த மணப்பாடு கடற்கரையில் சுமார் 80 திமிங்கிலங்கள் கரையொதுங்கிய செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். மீனவர்கள் கடலுக்குள் இழுத்து விட்டும் பல திமிங்கிலங்கள் கரைக்கே திரும்பின. இறந்தவற்றைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். 1973 ஜனவரியிலும் இப்பகுதியில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. கரையில் இறந்தால் புதைக்க நாம் இருக்கிறோம். நடுக்கடலில் இறக்கும் திமிங்கிலம் என்னவாகிறது?

அது மூழ்கி ஆழ்கடலின் தரையைச் சேர்கிறது. அங்கே சூரிய ஒளி எட்டாது. எனவே தாவரம் இல்லை. மேலிருந்து துகள் துகளாக உதிர்வதே பெரும்பாலான பிராணிகளுக்கு உணவு. அத்தகைய இடத்தில் ஒரு திமிங்கிலம் வந்து விழுவது பெருவிருந்தல்லவா? சுறாக்களும் மற்ற பிராணிகளும் சதையைத் தின்று தீர்க்கின்றன. எலும்புக்கூடு மிஞ்சுகிறது. அதற்கும் ஒரு விருந்தாளி உண்டு.

2002-ல் அமெரிக்காவின் மாண்டரே விரிகுடாவில், 2,891 மீட்டர் ஆழத்தில், ஆளில்லாத ஆய்வுக் கலம் ஒன்று திமிங்கில எலும்புக்கூட்டைக் கண்டது. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்று படித்திருப்பீர்கள். கணக்கிட்டுப் பாருங்கள், அங்கே அழுத்தம் ஏறத்தாழ 290 மடங்கு! அந்த எலும்புகளின் மேல் சிவந்த தூவிகளுடன் புழுக்கள் அடர்ந்திருந்தன. 2004-ல் விஞ்ஞானிகள் அவற்றுக்கு 'ஓசெடாக்ஸ்' என்று பெயரிட்டனர். 'எலும்பு தின்னி' என்பது பொருள்.

இப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை! அதன் அடிப்பகுதி மரத்தின் வேர் போலக் கிளைத்து எலும்புக்குள் இறங்குகிறது. வேர் சுரக்கும் அமிலம் எலும்பின் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. கோழி எலும்பு ஒன்றைச் சில நாட்கள் வினிகரில் ஊறப்போடுங்கள். ரப்பர் போல வளையும். அதே வேலைதான் அங்கும் நடக்கிறது. வெளிப்படும் புரதத்தையும் கொழுப்பையும் உணவாக்க, வேரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் துணை செய்கின்றன. வெளியே அசையும் தூவிகள் நீரிலிருந்து பிராணவாயுவை ஈர்க்கின்றன.

முதலில் கிடைத்தவை எல்லாம் பெண்புழுக்கள். ஆண்கள் எங்கே? நுண்ணோக்கியில் பார்த்தபோது விடை கிடைத்தது. பெண்ணின் உடலைச் சூழ்ந்த குழாய்க்குள்ளேயே அவை வாழ்ந்தன. ஒரே குழாயில் நூற்றுக்கும் மேல்!

எலும்பு தீர்ந்தால் புழுவும் மடியும். அதன் சந்ததி நீரோட்டத்தில் மிதந்து சென்று வேறொரு எலும்புக்கூட்டை அடைய வேண்டும். ஆனால் 20-ம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 29 லட்சம் திமிங்கிலங்களை மனிதன் வேட்டையாடினான். 1986-ல்தான் வணிக வேட்டைக்குச் சர்வதேசத் தடை நடைமுறைக்கு வந்தது. கடலில் திமிங்கிலம் குறைந்தால், ஆழத்தில் ஒரு விருந்துக்கும் அடுத்த விருந்துக்கும் இடைவெளி கூடும். மேலே நாம் ஒன்றைக் கொல்லும்போது, கீழே நாம் காணாத எத்தனையோ உயிர்களின் உணவையும் பறிக்கிறோம் என்பதை மறக்கலாகாது.