தண்டிக்கப்பட்ட அன்பு – 6: ஹாரி ஒயிட்டின் விண்ணப்பம்

ஜார் ஆட்சியின் சட்டங்களைக் களைந்தெறிந்த ருஷ்யப் புரட்சி அரசாங்கம், 1922-இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தில், ஆடவர் இருவர் மனமொத்துச் சேர்வதைக் குற்றமென்று குறிக்காமல் விட்டதைச் சென்ற வாரம் கண்டோம். அந்தச் சுதந்திரம் நீடிக்கவில்லை. 1933 டிசம்பரில் பிறந்த உத்தரவு 1934 மார்ச்சில் சட்டமாயிற்று. ஐந்தாண்டு வரை சிறை என்று விதித்தது.

அப்பொழுது மாஸ்கோவில் வெளிவந்துகொண்டிருந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் பொறுப்பான பதவி வகித்தவர் ஹாரி ஒயிட் என்ற பிரிட்டிஷ் கம்யூனிஸ்டு. அவருடைய ஆருயிர்ச் சிநேகிதரான ருஷ்யர் ஒருவர் கைதானார். தம்முடைய தற்பாலீர்ப்பைப் பற்றி மனநோய் வைத்தியர்களிடம் போய் அபிப்பிராயம் கேட்டும் மனம் அமைதியுறாத ஒயிட், 1934 மே மாதத்தில், தற்பாலீர்ப்புள்ள ஒருவன் கட்சியின் அங்கத்தினனாக இருக்கத் தகுந்தவனா என்ற கேள்வியோடு ஸ்டாலினுக்கே நீண்டதொரு கடிதம் எழுதினார்.

அக்கடிதத்தில் கருணை வேண்டும் குரல் இல்லை. அதுதான் என் உள்ளத்தை உருக்குகிறது. பெண்களும், நிறத்தால் ஒதுக்கப்பட்ட மக்களும், சிறுபான்மை இனத்தாரும் முதலாளித்துவ சமுதாயத்தில் எந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கிறார்களோ அந்நிலையிலேயே தம்மைப் போன்றவர்களும் இருப்பதால், அவர்களை விடுவிக்கப் பிறந்த அரசாங்கம் தம்மவரைச் சிறையிலிடுவது அதன் சொந்தத் தத்துவத்துக்கே விரோதமன்றோ என்று, தோழனுக்குத் தோழன் எடுத்துரைப்பதுபோல் அவர் வாதிக்கிறார். நியாயம் சொன்னால் கேட்பார்கள் என்ற பரிபூரண விசுவாசம் வரிக்கு வரி தெரிகிறது. தன்னைத் தண்டிக்கும் அரசையும் தன்னுடையதென்றே நேசிப்பவனுடைய துயரம், பகைவனிடம் அகப்பட்டவனுடைய துயரத்தைக் காட்டிலும் கொடியது என்றே நான் கருதுகிறேன்.

எழுதியவன் முட்டாள், சீரழிந்தவன் என்று குறித்து, கடிதத்தை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார் ஸ்டாலின். அதே மே மாதத்தில் மாக்ஸிம் கார்க்கி, இத்தகையோரை ஒழித்தால் பாசிசமே ஒழியும் என்ற கருத்துப்பட எழுதிய கட்டுரை பெரும் பத்திரிகைகளில் வெளிவந்தது. ஜெர்மனியின் நாஜிகளோ மறு ஆண்டிலேயே இதே மனிதருக்கு எதிரான தங்கள் பழைய சட்டத்தை இன்னும் கடுமையாக்கினார்கள். பரம வைரிகளான இரண்டு ஆட்சிகள் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டன.

ருஷ்யாவில் 1993-இல், யெல்த்சின் காலத்தில், அந்தத் தண்டனைச் சட்டம் நீங்கிற்று. ஒயிட்டின் கடிதம் அச்சேறியதும் அவ்வாண்டில்தான். இருபதே ஆண்டுகள் கழித்து, 2013-இல், சிறுவர்களைக் காப்பதென்ற பெயரால் இவ்வுறவைப் பற்றி அவர்களிடம் நல்லவிதமாகப் பேசுவது தடைசெய்யப்பட்டது. 2022-இல் அத்தடை எல்லா வயதினருக்குமாக விரிந்தது. 2023 நவம்பர் 30 அன்று, பூட்டிய கதவுகளுக்குள், எதிர்வாதி ஒருவருமின்றி விசாரித்த ருஷ்ய உச்சநீதிமன்றம், இவர்களுடைய 'சர்வதேச இயக்கம்' ஒன்று தீவிரவாத ஸ்தாபனமென்று தீர்ப்பளித்தது. அப்பெயரில் பதிவு பெற்ற ஸ்தாபனம் எதுவும் இல்லாமையால், யார் அதன் அங்கத்தினர் என்பதைக் காவல் அதிகாரியே தீர்மானிக்கலாம். வானவில் சின்னத்தை வெளியில் காட்டினால் முதல் முறை பதினைந்து நாள் வரை காவல். மீண்டும் காட்டினால் குற்ற வழக்கு. இயக்கத்தில் பங்கெடுத்ததாக நிரூபணமானால் ஆறாண்டு வரை சிறை.

தீர்ப்பு வந்து இரண்டு நாள் கழிவதற்குள் மாஸ்கோவின் இரவு விடுதிகளில் போலீசார் புகுந்தார்கள். போதைப்பொருள் சோதனை என்பது அவர்கள் கூறிய காரணம். ஆனால் அங்கிருந்தவர்களுடைய பாஸ்போர்ட்டுகளைப் படமெடுத்துக்கொண்ட பிறகே அவர்களை வெளியே விட்டார்கள்.

(தொடரும்)