புதுக்கோட்டை நிறைய அரிசி

கேரளத்து அம்பலப்புழைக் கோயில் கதை இது. சதுரங்கத்தில் ராஜாவை ஜெயித்த முனிவர் கேட்டது அரிசிதான். முதல் கட்டத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, பிறகு நான்கு என இருமடங்காக.

முதல் வரிசைக்கு 255 அரிசி, ஒரு கைப்பிடிகூட வராது. ராஜா ஏமாந்தது இங்கேதான். கிராமுக்கு 40 அரிசி என்று வைத்தால், 32 கட்டம் முடிவதற்குள் 100 டன், பத்து லாரி லோடு! 64 கட்டத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 46,000 கோடி டன். விராலிமலை முதல் மணமேல்குடிக் கடற்கரை வரை நம் புதுக்கோட்டை மாவட்டம் முழுக்கப் பரப்பினால், 100 மீட்டருக்கு மேல் குவியும்.

தீராத அந்தக் கடனுக்குத்தான் கோயிலில் தினமும் பால்பாயசம் என்கிறது கதை. முனிவராக வந்தவர் கிருஷ்ணராம். பாயசம் இன்றும் கிடைக்கிறது.