பழமனை புதுக்குதல்

காரைக்குடி, கானாடுகாத்தான் முதலிய செட்டிநாட்டு ஊர்களில் நகரத்தார் எழுப்பிய பெருமனைகளை மாணவர் சிலர் கண்டிருப்பர். அவற்றின் திண்ணைத் தூண்கள் பல, பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கினால் ஆயவை. சுவர்களோ சுண்ணாம்புச் சாந்தினால் மெருகேறியவை. நெடுங்காலம் வெயிலும் மழையும் தாங்கிய இவ்விரண்டையும் புதுக்குமிடத்து, அவற்றின் இயல்பறியாது செய்யும் செப்பமே பெருங்கேடாய் முடிதல் உண்டு.

மரம் நரைப்பது ஏன்? கதிரவனொளியிலுள்ள புறஊதாக் கதிர்கள், மரநார்களைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கின்றன. சிதைந்ததை மழைநீர் கழுவிச் செல்ல, எஞ்சிய நார் சாம்பல்நிறமாய்த் தோன்றும். இந்நரை பெரும்பாலும் மேற்பரப்போடு நிற்பது. அதனைக் கண்டு தூணையே மாற்ற முற்படுதல் வீண்செலவு. உளிமுனையால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். முனை எளிதிற் புதையுமாயின் மரம் உளுத்தது என்க. தூணின் அடியே முதலிற் கெடுவது வழக்கம். மரத்தின் வெட்டுமுகம் பக்கங்களைவிட மிகுதியாக நீரை உறிஞ்சும். உளுத்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அவ்வின மரத்தையே ரேகை பொருந்த ஒட்டுப்போடுதல் தச்சர் திறம்.

நல்ல மரத்தை ரேகை வழியே உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகப் பூசி, ஊறாது நின்றதைத் துணியால் துடைத்துவிடுக. மிகுதியாகப் பூசினால் நன்மை மிகும் என்பார் உளர், மிகுவது பிசுபிசுப்பே. ஈண்டு ஓர் எச்சரிக்கை: அவ்வெண்ணெய் உலருங்கால் வெப்பம் பிறக்கும். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்தால், வெப்பம் உள்ளே திரண்டு, எவரும் தீயிடாமலே அவை பற்றிக்கொள்ளுதல் கூடும். ஆதலின் அவற்றை வெளியில் தனித்தனியே விரித்து உலர்த்துதல் வேண்டும்.

சுவரின் செய்தி இன்னும் நுட்பமானது. சுட்ட சுண்ணாம்பை நீரில் நீற்றி, மணல் கூட்டி அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசினர் முன்னோர். மெருகுப் பூச்சில் முட்டையின் வெண்கருவும் கலந்தனர். அச்சாந்து காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மெல்ல மீண்டும் கல்லாகும். அதன் நுண்துளைகளின் வழியே சுவரின் ஈரம் ஆவியாய் வெளியேறும். இதனை அறியாதார் வெடிப்புக் கண்டவிடமெல்லாம் சிமெண்டைப் பூசுகின்றனர். சிமெண்டுப் பூச்சு இறுக்கமுடையது; ஈரத்தை உள்ளே அடைக்கும். அடைபட்ட ஈரம் உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து, அருகிலுள்ள பழஞ்சாந்தைப் பொரியச் செய்யும். நாளடைவில் சிமெண்டு பாளமாய்ப் பெயருங்கால், தான் பற்றிய சாந்தையும் செங்கல்லின் முகத்தையும் உடன்பறித்து வீழும். சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பினாலேயே செப்பனிடுதல் முறை.

அதற்கும் முன்னர், ஓட்டின் இடுக்கிலும் உடைந்த தூம்பிலும் ஒழுகும் நீரை நிறுத்துக. ஒழுக்கு நிற்கப் பூச்சு நில்லாது. சாந்து கடுவெயிலில் விரைந்துலர்ந்தால் வெடிக்கும், அடைமழையிலோ கரையும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து சுவர் உலர்ந்தபின், தை மாதத்தில் தொடங்கி, பூசிய இடத்தை ஈரச் சாக்கினால் மூடி நாள்தோறும் நீர் தெளித்து வருதல் நன்று.