காலுக்கு ஓய்வு தராத சைக்கிள்

இறக்கத்தில் சைக்கிள் ஓட்டும்போது மிதிப்பதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். கால் சும்மா இருக்கும், சைக்கிள் தன்பாட்டுக்கு ஓடும். பின்சக்கரத்திலிருந்து ‘கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைப் போடுவது ஃப்ரீவீல். சைக்கிள் கடையில் அதைப் பிரித்துப் போட்டிருந்தால் அவசியம் எட்டிப் பாருங்கள். வெளியே செயின் மாட்டும் பல்வளையம் இருக்கும். அதன் உட்புறத்தில் ஒரு பக்கமாகச் சரிந்த ரம்பப் பற்கள். நடுவில் இருக்கும் இரும்பு வளையத்தில் விரல்நகத்தளவு இரண்டு கொக்கிகள். ஒரு மெல்லிய ஸ்பிரிங் கம்பி அவற்றை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். மிதிக்கும்போது கொக்கி பல்லில் முட்டி நிற்கிறது, சக்கரமும் சேர்ந்து சுற்றுகிறது. மிதிப்பதை விட்டால் கொக்கி பல்லின் சரிவில் வழுக்கி அடுத்த பல்லுக்குத் தாவுகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு ‘டிக்’. பல டிக்குகள் வேகமாகச் சேர்ந்தால் ‘கிர்ர்ர்’.

இந்தக் கொக்கிகளே இல்லாத சைக்கிளும் உண்டு. அதில் பின்பக்கப் பல்சக்கரத்தைச் சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்போடு நேராக இறுக்கிவிடுவார்கள். ‘ஃபிக்ஸட் கியர்’ சைக்கிள் என்று பெயர். சக்கரம் சுற்றினால் பெடல் சுற்றியே ஆக வேண்டும். பெடலை நிறுத்தினால் சக்கரம் நிற்கும். பின்னோக்கி மிதித்தால் சைக்கிள் பின்னோக்கிப் போகும். உங்கள் வீட்டுக் குட்டித் தம்பி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளும் இந்த இனம்தான். ஆள் ஏறாமல் அதைத் தள்ளிவிட்டால் பெடலும் கூடவே சுற்றும், பாருங்கள். ஒலிம்பிக்கில், கிண்ணம் போல் சரிந்த ஓடுதளத்தில் சைக்கிள் பந்தயம் நடக்குமே, அங்கே ஓடுவதும் ஃபிக்ஸட் கியர்தான். அவற்றில் பிரேக்கும் கிடையாது.

ஓடுதளத்தில் கல் இல்லை, வேர் இல்லை, சேறும் இல்லை. ஆனால் இதே ஏற்பாட்டைத் தடித்த டயர் போட்ட மலை சைக்கிளில் மாட்டி, காட்டு ஒற்றையடிப் பாதைகளில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 20, 24 கியர் எல்லாம் வந்துவிட்ட காலத்தில் ஏன் இந்த வம்பு? ஃப்ரீவீல் உள்ள சைக்கிளில் செயின் ஒருவழிப் பாதை: காலின் விசை சக்கரத்துக்குப் போகும், சக்கரத்தின் விசை காலுக்கு வராது. ஃபிக்ஸட் கியரில் அது இருவழிப் பாதை ஆகிவிடுகிறது. மண் இளகியிருக்கிறதா, கல் தடுக்கிற்றா, டயர் வழுக்குகிறதா என்பதெல்லாம் அந்தக் கணமே உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். அதற்கு அவர்கள் கொடுக்கும் விலையும் பெரியது. காட்டுப் பாதையில் என்னென்ன நடக்கும் என்று பார்ப்போம்.

முதலில் கல். மலை சைக்கிளில், பெடலைத் தாங்கும் கிராங்க் சுற்றும் அச்சு தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் இருக்கும். கிராங்க் கையின் நீளம் ஏறத்தாழ 17 செ.மீ. அப்படியானால் பெடல் கீழே வரும்போது தரைக்கும் அதற்கும் 13 செ.மீ.தான் இடைவெளி. பெடலின் பருமனைக் கழித்தால் 12 செ.மீ. மிஞ்சலாம். பாதையோரம் 15 செ.மீ. உயரக் கல் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது என்று வையுங்கள். சாதாரண சைக்கிளில் போகிறவர் மிதிப்பதை நிறுத்தி, இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்துக்கொண்டு கல்லைத் தாண்டிவிடுவார். ஃபிக்ஸட் கியர்க்காரருக்கு அந்த வசதி கிடையாது. கல்லுக்குப் பக்கத்தில் போகும் அந்த நொடியில் அந்தப் பக்கத்துப் பெடல் கீழே இருந்தால் ‘டணார்’ என்று இடிக்கும், ஆளையே தூக்கி எறியவும் செய்யும்.

அப்படியானால் பெடல் எப்போது எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும் அல்லவா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்பக்கப் பல்சக்கரத்தில் 32 பற்கள், பின்னால் 18 பற்கள். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 32-ஐ 18-ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 1.78 சுற்றுச் சுற்றும். பெரிய மலை சைக்கிளின் சக்கரச் சுற்றளவு சுமார் 2.3 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 4 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. ஃப்ரீவீல் இல்லாததால் இந்தக் கணக்கு மாறவே மாறாது. 4 மீட்டருக்கு ஒரு சுற்று, 2 மீட்டருக்கு அரைச் சுற்று. தரையில் எவ்வளவு தூரம் போனீர்களோ அவ்வளவுக்குத்தான் பெடல் திரும்பியிருக்கும். வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் கல்லை நெருங்கும்போது பெடல் அதே இடத்தில்தான் வந்து நிற்கும்!

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வேகத்தை மாற்றி ஒன்றும் ஆகாது என்றால், மாற்றக்கூடியது தூரம் ஒன்றுதான். கல் 10 மீட்டர் தள்ளி இருக்கிறது. நேராகப் போகாமல், பாதி வழியில் ஒரு மீட்டர் இடதுபக்கம் ஒதுங்கி, மறுபடி வந்து சேருகிறீர்கள். பிதாகரஸ் தேற்றம் படித்தவர்கள் போட்டுப் பாருங்கள்: மொத்தத் தூரம் சுமார் 10.2 மீட்டர். கூடுதலாகக் கிடைத்தது 20 செ.மீ. மட்டுமே. அதில் பெடல் கூடுதலாகத் திரும்புவது சுமார் 18 டிகிரி. கொஞ்சம்தான். ஆனால் பெடல் மிகச் சரியாகக் கிடைமட்டமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அடிமட்டத்திலிருந்து ஓரளவு விலகியிருந்தாலே கல்லுக்குத் தப்பிவிடும். அதனால் பல நேரங்களில் அந்த 18 டிகிரியே போதுமானதாகிவிடுகிறது. போதாவிட்டால் இன்னொரு வழி: பின்சக்கரத்தைத் தரையிலிருந்து ஒரு கணம் தூக்கி, அது காற்றில் இருக்கும்போதே பெடலை வேண்டிய இடத்துக்குத் திருப்பிக்கொள்வது. இதற்கெல்லாம் கல்லைப் பத்து மீட்டருக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினால் இந்தச் சைக்கிள் மன்னிக்காது.

வளைவிலும் இதே தொல்லைதான். சைக்கிள் உள்பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்துப் பெடல் தரையைத் தொடப் பார்க்கும். அதனால் கிராங்க் கை 16.5 செ.மீ. என்று குட்டையாகவும், அச்சு உயரமாகவும் உள்ள சைக்கிளாகத் தேடுவார்கள்.

ஏற்றத்தில் நிலைமை தலைகீழ், அங்கே ஃபிக்ஸட் கியர் உதவி செய்கிறது. கிராங்க் கிடையாக இருக்கும்போது காலின் விசை முழுதும் வேலை செய்யும். ஒரு பெடல் உச்சியிலும் மற்றது அடியிலும் இருக்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் கிராங்க் திரும்பாது. செங்குத்து ஏற்றத்தில் மெதுவாகப் போகையில் சைக்கிள் திணறி நின்றுவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஃபிக்ஸட் கியரில், ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிளே செயின் வழியாகக் கிராங்கை இழுத்து இந்த இடத்தைத் தாண்டவைக்கிறது. ஆற்றல் எங்கிருந்தோ இலவசமாக வந்துவிடவில்லை. சைக்கிளின் ஓட்டத்திலிருந்து துளி எடுத்துக் காலுக்குக் கொடுத்து, அடுத்த மிதியில் கால் அதைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான்.

இறக்கம் வந்தால் மறுபடி சோதனை. மணிக்கு 30 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 500 மீட்டர். நம் கணக்குப்படி பெடல் நிமிடத்துக்கு 122 சுற்றுச் சுற்றும், அதாவது நொடிக்கு இரண்டு. மற்றவர்கள் இறக்கத்தில் பெடலில் எழுந்து நின்று, முழங்காலை மடக்கி, மேடுபள்ளத்தின் குலுக்கலைக் காலாலேயே வாங்கிக்கொள்வார்கள். ஃபிக்ஸட் கியர்க்காரரின் கால்களுக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை.

சரி, வேகத்தை எப்படிக் குறைப்பது? இறங்கி வரும் ஆற்றலை எங்காவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். அந்த ஆற்றல் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கதை உண்டு. மலை சைக்கிள் ஓட்டம் விளையாட்டாக வளர்ந்த இடங்களில் முக்கியமானது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள மரின் பகுதி. அங்கே ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ஒரு மண்பாதை. 3 கி.மீ. சொச்சத்துக்குள் சுமார் 400 மீட்டர் இறங்கிவிடும். 1976-இல் அதில் பந்தயம் தொடங்கினார்கள். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் போன்ற பிற்காலத்து சைக்கிள் வடிவமைப்பாளர்கள் அங்கே ஓட்டியவர்கள். அவர்கள் கொண்டுவந்தவை பழைய தடித்த டயர் சைக்கிள்கள். பெடலைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கர ஹப்புக்குள்ளேயே பிரேக் பிடிக்கும் வகை. கீழே வந்து சேர்வதற்குள் ஹப் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்துபோகும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’, அதாவது ‘மறுபடி அடை’ என்று பெயர் வந்தது.

எவ்வளவு வெப்பம்? ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்று வைப்போம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் 90 × 9.8 × 400, சுமார் 3.5 லட்சம் ஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொண்டாலும் பெரும்பங்கு பிரேக்குக்குத்தான். ஃபிக்ஸட் கியர்க்காரர் பிரேக் பிடிக்காமல் காலாலேயே எதிர்த்து இறங்கினால் அந்த வெப்பத்தில் பெரும்பகுதி அவருடைய தொடைத் தசைக்குள் போகும்!

கேட்கவே பயமாக இருக்கிறதா? ஓர் அழகான சோதனையைக் கேளுங்கள். 1952-இல் இங்கிலாந்தில் அபட், பிக்லேண்ட், ரிட்ச்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களைப் பின்பக்கங்கள் எதிரெதிரே இருக்கும்படி நிறுத்தி, ஒரே செயினால் இணைத்தார்கள். ஒருவர் வழக்கம்போல் முன்னோக்கி மிதிக்க வேண்டும். மற்றவருடைய பெடல் அதனால் பின்னோக்கிச் சுற்றும், அவர் அதை எதிர்த்துத் தடுக்க வேண்டும். விசையும் வேகமும் இருவருக்கும் ஒன்றே. ஆனால் அவர்கள் செலவழித்த ஆக்சிஜனை அளந்தபோது, தடுத்தவருக்கு மிதித்தவரைவிட மிகமிகக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய உருவம் கொண்ட ஒரு பெண்ணால், திடகாத்திரமான ஓர் ஆண் மிதிப்பதைச் சிரமமில்லாமல் எதிர்த்து நிற்க முடிந்தது. காரணம், இழுபட்டு நீளும் தசை அதே விசையைக் குறைவான தசைநார்களைக் கொண்டே தாங்கிவிடுகிறது.

ஒரே ஒரு சங்கடம். கொஞ்ச நார்களே அவ்வளவு சுமையையும் தாங்குவதால் அவற்றில் நுண்ணிய காயங்கள் ஏற்படும். மலைக்கோயில் படிகளில் ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் தொடை கடுத்து உட்கார முடியாமல் போவது இறங்கியதால்தான். ஃபிக்ஸட் கியரில் புதிதாக மலை இறங்கியவருக்கும் அதே தொடை வலிதான் வரும்.

காலை மட்டும் நம்பக் கூடாததற்கு இன்னொரு காரணம் உண்டு. வேகம் குறையும்போது நம் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. கால் தடுப்பதோ பின்சக்கரத்தைத்தான். இளகிய மண்ணில் அது சட்டென்று பூட்டிக்கொண்டு சறுக்கும். சறுக்கிய டயர் மண்ணைக் கீறி வாய்க்கால் போட்டுவிடும், அடுத்த மழைநீர் அதன் வழியே ஓடிப் பாதையை அரித்துத் தின்றுவிடும். ஆகவே காட்டுப் பாதைக்கு நல்ல முன்பிரேக் இல்லாமல் போகவே கூடாது.

இதைப் படித்துவிட்டு உங்கள் சைக்கிளின் ஃப்ரீவீலுக்கு வெல்டிங் வைக்கச் சொல்லிவிடாதீர்கள். ஃப்ரீவீல் ஹப்பில் மரையால் மாட்டப்பட்டிருக்கிறது. முன்னோக்கி மிதிக்க மிதிக்க அது இறுகும், காலால் எதிர்த்தால் கழலும். உண்மையான ஃபிக்ஸட் கியர் ஹப்பில் பல்சக்கரத்துக்கு வெளியே எதிர்மரை கொண்ட இன்னொரு வளையம் இருக்கும். பல்சக்கரம் கழலப் பார்த்தால் அந்த வளையம் இன்னும் இறுகிக்கொள்ளும். காட்டில் ஓட்டுகிறவர்களில் சிலர் மரையையே நம்பாமல், டிஸ்க் பிரேக் மாட்டும் இடத்தில் ஆறு போல்ட் போட்டுப் பல்சக்கரத்தை முடுக்கிவிடுகிறார்கள். இன்னொன்று: சுற்றிக்கொண்டிருக்கும் செயினுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோகவே கூடாது. ஃபிக்ஸட் கியரில் மிதிப்பதை விட்டாலும் செயின் நிற்காது. செயினைத் துடைக்கப் போய் விரல்நுனியை இழந்தவர்கள் உண்டு.

கடைசியாக ஒரு கணக்கு. ஒருவர் எப்போதும் வலதுகாலை முன்னே வைத்தபடியே சக்கரத்தைப் பூட்டிச் சறுக்குகிறார். முன்னே 32 பல், பின்னே 16 பல் என்றால் பெடலின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் சரியாக 2 சுற்று. ஆக, ஒவ்வொரு முறையும் டயரின் அதே இடம்தான் தரையில் தேயும். சீக்கிரமே அங்கே ஓட்டை விழும். 18 பல் போட்டால்? 32/18-ஐச் சுருக்கினால் 16/9. தேய்மானம் 9 இடங்களுக்குப் பிரிந்துவிடும். 17 பல் போட்டால் இன்னும் நல்லது: 32-ம் 17-ம் சார்பகா எண்கள், சுருக்கவே முடியாது, 17 இடங்கள் கிடைக்கும். 16-க்கு மேல் ஒரே ஒரு பல் கூடியதற்கு டயரின் ஆயுள் எவ்வளவு மாறிவிட்டது! இப்போது நீங்கள் சொல்லுங்கள்: முன்னே 34, பின்னே 17 போட்டால் எத்தனை இடம்? 33-ம் 18-ம் போட்டால்?