மாடித் தொட்டியும் மின்சுற்றும்

மின்சாரம் ஓடுவதைக் கண்ணால் பார்க்க முடியாது. தண்ணீர் ஓடுவதைப் பார்க்கலாம். ஆகவே மின்சுற்றைப் புரிந்துகொள்ள, வீட்டு மொட்டைமாடித் தொட்டியும் அதிலிருந்து இறங்கும் குழாய்களும் நல்ல தொடக்கம்.

தொட்டி உயரத்தில் இருக்கும்போது கீழ்த்தளக் குழாயில் தண்ணீர் விசையோடு கொட்டுகிறது. தொட்டிக்குச் சற்றே கீழே உள்ள மாடிக் குழாயில் மெல்ல விழுகிறது. இந்த உயர வேறுபாட்டைப் போன்றது மின்னழுத்தம். அதன் அலகு வோல்ட். டார்ச் பேட்டரி ஒன்று 1.5 வோல்ட் தருகிறது. இந்திய வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். ஒரு நொடியில் குழாய் வழியே எவ்வளவு தண்ணீர் போகிறதோ, அதைப் போன்றது மின்னோட்டம். அதன் அலகு ஆம்பியர். குழாய் குறுகலாக இருந்தாலும் உள்ளே உப்பு படிந்தாலும் நீர்வரத்து குறையும். கம்பியும் மெலிந்து நீண்டால் மின்னோட்டத்தைக் கூடுதலாகத் தடுக்கும். இந்த மின்தடையின் அலகு ஓம்.

இம்மூன்றுக்கும் உள்ள உறவை ஜெர்மானிய இயற்பியலாளர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்டார். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 3 வோல்ட் பேட்டரியில் 10 ஓம் தடையை இணைத்தால் 0.3 ஆம்பியர் ஓடும்.

ஒரே குழாயில் அடுத்தடுத்து இரண்டு வால்வுகள் இருந்தால், எதை மூடினாலும் தண்ணீர் நின்றுவிடும். இது தொடர் இணைப்பு. பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசை முழுவதும் அணைவது இதனால்தான். சமையலறைக் குழாயை மூடினாலும் குளியலறையில் தண்ணீர் வருவது பக்க இணைப்புக்கு ஒப்பு. வீட்டு விளக்குகளும் மின்விசிறிகளும் இப்படித்தான் இணைக்கப்படுகின்றன.

எல்லாக் கிளைகளின் மின்னோட்டமும் முதன்மைக் கம்பியில் ஒன்றுசேர்கிறது. 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் ஏறத்தாழ 8.7 ஆம்பியரும், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியரும் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் 13 ஆம்பியர். கம்பி தாங்கும் அளவை மீறினால் அது சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். அதற்கு முன்பே ஃபியூஸ் கம்பி உருகி, தன்னை இழந்து வீட்டைக் காக்கிறது. அதனால் உருகிய ஃபியூஸுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைக் கட்டுவது ஆபத்து.

தண்ணீர் உவமைக்கு எல்லையும் உண்டு. குழாயை வெட்டினால் தண்ணீர் வெளியே கொட்டும். கம்பியை வெட்டினால் மின்னோட்டம் நின்றுவிடும். மின்சாரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும் முழு வளையம் வேண்டும். சைக்கிள் செயின் இதைத் தெளிவாக்கும்: ஒரு கண்ணி அறுந்தாலும் சக்கரம் சுழலாது.

சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிவதற்கான காரணமும் செயினில் தெரிகிறது. பெடலை மிதித்த உடனே பின்சக்கரம் நகர்கிறது. பெடலருகே இருந்த கண்ணி அங்கே போய்ச் சேரும்வரை அது காத்திருப்பதில்லை. பேட்டரியில் இணைத்த செம்புக் கம்பியிலும் எலக்ட்ரான்கள் பொதுவாக நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நகர்கின்றன. ஆனால் கம்பி முழுவதும் அவை முன்பே நிறைந்திருப்பதால் சுற்றெங்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அசைகின்றன.

வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தில் அவை ஒரே திசையில் செல்வதுகூட இல்லை. நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஊசலாடுகின்றன. மரம் அறுக்கும் ரம்பமும் முன்னும் பின்னுமாகத்தான் அசைகிறது. ஆனாலும் மரம் அறுபடுகிறது.