பாட்டிக்குப் பூனைகள் பிடிக்காது

அயல்மொழி வாசல் – 9

சென்ற வாரம் ஸ்பானிஷ் பேச்சைப் பார்த்தோம். பேச்சில் கிடைக்கும் சலுகை எழுத்தில் கிடையாது. வாய் குழறினால் எதிரில் இருப்பவர் எடுத்துக் கொடுப்பார். கையை ஆட்டி, முகத்தைச் சுளித்து ஒப்பேற்றிவிடலாம். தாளில் அந்தக் கதை நடக்காது. ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் 'தேலே' தேர்வில் இதற்கென்றே ஒரு செக் வைத்திருக்கிறார்கள். பி2 நிலையில் வாசிப்பும் எழுத்தும் ஒரு பிரிவு, கேட்பதும் பேசுவதும் இன்னொரு பிரிவு. பிரிவுக்கு 50 மதிப்பெண். இரண்டிலும் தனித்தனியாக 30 எடுத்தாக வேண்டும். பேச்சில் வெளுத்து வாங்கிவிட்டு எழுத்துப் பிரிவில் 29-இல் நின்றால் ஃபெயில்தான்.

நம்மூரில் ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறார்கள். பாடப்புத்தகம், ஆப், யூடியூப் வகுப்பு, அகராதி என்று எல்லாமே ஆங்கிலம். ஸ்பானிஷ் வரியைக் கண்டதும் மனம் ஆங்கிலத்துக்கு ஓடி, அங்கே அர்த்தம் வாங்கிக்கொண்டு தமிழுக்குத் திரும்புகிறது. நடுவில் நின்று கமிஷன் அடிக்கும் இந்தத் தரகரை முடிந்தவரை விலக்கிவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. தமிழிலிருந்து நேராகப் போனால் பல இடங்களில் பாதி வழி மிச்சம்.

ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். 'ஆ மி அபுவேலா நோ லே குஸ்தாபான் லோஸ் காத்தோஸ்.' ஆங்கிலப் பழக்கத்தில் வாசிக்கிறவர் முதலில் வரும் அபுவேலாவை, அதாவது பாட்டியை, எழுவாயாகப் பிடித்துக்கொள்வார். வினைச்சொல்லுக்கு வந்ததும் முட்டிக்கொள்வார். பாட்டி ஒருத்தி, குஸ்தாபான் என்ற வினையின் வாலிலோ பன்மைக்கு உரிய 'ன்' இருக்கிறது. அச்சுப் பிழையோ என்றுகூடத் தோன்றும். தமிழ்க்காரருக்கு இங்கே குழப்பமே வேண்டாம். 'ஆ மி அபுவேலா' என்பது என் பாட்டிக்கு. 'லோஸ் காத்தோஸ்' பூனைகள். பாட்டிக்குப் பூனைகள் பிடிக்காது, அவ்வளவுதான் சங்கதி. அந்தக் காலத்தில் பிடிக்காது என்பதை வினையின் காலம் சொல்லிவிடுகிறது. எனக்குப் பிடிக்கும், எனக்குத் தலை வலிக்கிறது என்று நாம் நாலாம் வேற்றுமையில் சொல்வதையெல்லாம் ஸ்பானிஷும் ஏறக்குறைய அப்படியேதான் சொல்கிறது. ஒரே ஒரு வித்தியாசம்: நம் 'பிடிக்கும்' ஒன்றா பலவா என்று பார்க்காது; ஸ்பானிஷ் வினை பூனைகளின் எண்ணிக்கையைப் பார்த்து மாறும்.

ஆகவே வாசிக்கும்போது வினைச்சொல்லைத் தேடுங்கள், அதன் வாலைப் பாருங்கள், யார் என்று பிறகு கேளுங்கள். வந்தேன் என்றால் நான் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லாத மொழிக்காரர்கள் நாம். ஸ்பானிஷும் அதே சாதி. ரயில் வந்தது என்பதை வந்தது ரயில் என்று அவர்கள் மாற்றிப் போட்டாலும் நமக்கு உறுத்தாது. ஆங்கிலம் வழியாக வந்த கட்டுரையை முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடலாம்: வாக்கியத்துக்கு வாக்கியம் 'யோ', 'யோ' என்று தொடங்கும். நான் எழுந்தேன், நான் பல் தேய்த்தேன், நான் காபி குடித்தேன் என்று தமிழில் எழுதினால் யாராவது பொறுத்துக்கொள்வார்களா?

இன்னொரு இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'படம் பார்த்தேன்' என்று உருபு இல்லாமல் சொல்கிறோம். 'அம்மா பார்த்தேன்' என்று சொல்ல முடியாது. அம்மாவைப் பார்த்தேன் என்றுதான் வர வேண்டும். ஆளுக்கு ஐ கட்டாயம், பொருளுக்கு இடத்தைப் பொறுத்தது. ஸ்பானிஷில் குறிப்பிட்ட ஓர் ஆள் செயப்படுபொருளாக வந்தால் முன்னால் 'ஆ' என்ற ஓரெழுத்துச் சொல் நிற்க வேண்டும். பொருள் என்றால் பொதுவாகத் தேவையில்லை. ஆங்கிலத்தில் இப்படி ஒன்று இல்லாததால் அந்த வழி வந்தவர்கள் இந்த ஆ-வை விட்டுக்கொண்டே இருப்பார்கள். நாம் விட வேண்டியதில்லை.

மரியாதையும் அப்படித்தான். நண்பருக்கு 'து', அலுவலகத்துக்கு 'உஸ்தெத்'. நீ, நீங்கள் பேதத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டாம். ஆனால் கடிதத்தை உஸ்தெத் என்று தொடங்கிவிட்டு மூன்றாம் வரியில் வினையை மட்டும் 'து' வடிவத்தில் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. நீங்கள் எப்போது வருவாய் என்று மேலாளருக்கு எழுதியது போல இருக்கும்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். பி-யும் வி-யும் ஒரே ஒலி. பசுவை எந்த எழுத்தில் தொடங்குவது என்று காது சொல்லாது, கண் பழக வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி உயிரெழுத்தின் மேல் போடும் சின்னக் கோடு. 'ஆப்லோ' என்று கோடு இல்லாமல் எழுதினால் நான் பேசுகிறேன். கடைசி எழுத்தின் மேல் கோடு விழுந்தால் அவர் பேசினார். ஆளும் மாறிவிட்டது, காலமும் மாறிவிட்டது. கோட்டை அலங்காரம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஓர் உதாரணம் போதும்.

ஸ்பானியர்களே இந்தக் கோட்டுக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். 'மட்டும்' என்ற பொருளில் வரும் சோலோ-வுக்குக் கோடு வேண்டாம் என்று 1713-இல் தொடங்கிய ராயல் ஸ்பானிஷ் அகாடமி 2010-இல் சொன்னது. எழுத்தாளர்கள் பலர் கேட்கவில்லை, கோட்டைப் போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். குழப்பம் வரும் என்று எழுதுகிறவர் கருதினால் போட்டுக்கொள்ளலாம் என்று 2023-இல் ஒரு விளக்கம் வந்தது. யார் ஜெயித்தார்கள் என்பது இன்னும் பஞ்சாயத்து.

கேள்விக்கு முன்னால் தலைகீழாக நிற்கும் குறியும் அகாடமி கொண்டுவந்ததுதான், 1754-இல். சொல்வரிசை மாறாமலே ஒரு வாக்கியம் கேள்வியாகிவிடும் மொழி அது. நீண்ட வாக்கியத்தை உரக்கப் படிக்கிறவருக்கு எங்கே குரலை ஏற்றுவது என்று முன்கூட்டியே தெரிய வேண்டாமா? அதை விட்டுவிட்டு எழுதுவது வாட்ஸ்அப்பில் செல்லும், தேர்வில் செல்லாது.

எதைப் படிப்பது? குழந்தைக் கதைகளில் தொடங்கு என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை, டிராகனுக்கும் மந்திரக்கோலுக்கும் சொல் கற்று என்ன செய்ய? கீனோ 1964 முதல் 1973 வரை வரைந்த மஃபால்தா படக்கதைகளில் தொடங்கலாம். அர்ஜென்டினாக்காரர் என்பதால் 'து' இருக்க வேண்டிய இடத்தில் 'வோஸ்' வரும், பயப்பட வேண்டாம். அடுத்து மார்க்கேஸ். ஓய்வூதியக் கடிதத்துக்காக வெள்ளிக்கிழமைதோறும் காத்திருக்கும் கர்னலின் கதை 1961-இல் புத்தகமாக வந்தது. ஒல்லியான நூல், குட்டைக் குட்டை வாக்கியங்கள். அதே மார்க்கேஸின் 'குலபதியின் இலையுதிர்காலம்' பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். அதில் கடைசி அத்தியாயம் முழுக்க ஒரே வாக்கியம்.

கர்னல் கதையில் ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்து முடிந்த செயல்களைச் சிவப்பு மையிலும், பின்னணியாக நீடித்துக்கொண்டிருந்தவற்றை நீல மையிலும் அடிக்கோடிடுங்கள். ஸ்பானிஷில் இரண்டுக்கும் வேறு வேறு இறந்தகாலம். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, அந்தப் பத்தியைக் கர்னலே சொல்வதுபோலத் தன்மையில் எழுதுங்கள். கர்னலின் சிவப்பு வினைகளுக்கு வால் மாறும், கோடுகள் இடம் மாறும்; நீல வினைகளின் வால் மட்டும் அப்படியே நிற்கும். 'யோ' ஒருமுறைக்கு மேல் வந்திருந்தால் அடித்துவிடுங்கள். எழுதியதை மூலத்தோடு ஒத்துப்பார்த்து, தப்பிய வால்களை மட்டும் தனி நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த வாரம் ஆசை, சந்தேகம், அச்சம் இவற்றுக்கென்றே ஸ்பானிஷ் தனியாக வைத்திருக்கும் வினைவடிவங்களுக்குப் போகிறோம். அந்த நோட்டு அப்போது தேவைப்படும்.

(தொடரும்)